நீல நூல் கட்டின செட்டு

பெரம்பலூர்
23.06.2024

அன்புள்ள அக்காவுக்கு,

பூவரசன் எழுதுறேன். நீ கேக்குறதுக்கு முன்னாடியே சொல்லிடுறேன், ஒடம்பு நல்லா இருக்கு, வேளா வேளைக்குச் சாப்பிடுறேன், எளைக்கல. மாமாவுக்கு மொழங்கால் வலி கொறைஞ்சுதா? சிமெண்ட் ஆலையில இன்னமும் அதே ஷிப்டுதானா?

ராசாங்கம் அண்ணன் பஸ்ல ஒரு அட்டைப்பெட்டி குடுத்து விட்டிருக்கேன். விக்கிரமங்கலம் ஸ்டாப்புல டீக்கடையில இறக்கி வைக்கச் சொல்லியிருக்கேன், வாங்கிக்கோ. உள்ள ரெண்டு இயர்போனும் ஒரு பழைய போனும் இருக்கும். போன்ல சிம் இல்ல, பாட்டு மட்டும்தான்.

இது சாதாரண இயர்போன் இல்லக்கா. இன்-இயர்னு பேரு. காதுக்குள்ள நல்லா சொருகி, வயரைக் காதுக்கு மேல சுத்திப் பின்பக்கமா விடணும். மேடையில பாடுறவங்க தன் குரலைத் தானே கேக்குறதுக்கு மாட்டுவாங்க. பெரிய ஆளுங்க போடுறதெல்லாம் லட்சத்துல போவும். இப்ப ஆயிரம் ரூவாக்குள்ளயே சைனாக்காரன் குடுக்குறான். அதுல நல்லதும் இருக்கு, குப்பையும் இருக்கு. எது நல்லது, எது குப்பைன்னு சொல்றதுதான் என் பொழப்பு. பூவரசன் கேட்டுட்டு சொன்னா சரியா இருக்கும்னு துறையூர்லேர்ந்தும் ஆத்தூர்லேர்ந்தும் கடை தேடி வர்றாங்க.

போன்ல நானே பதிவு பண்ணின சத்தமெல்லாம் இருக்கு. ஒரு பொம்பளை தனியா பாடுறது, தவில், ஜால்ரா, சலங்கை. ஒரு செட்டுக்கு சிவப்பு நூல் கட்டியிருக்கேன், இன்னொண்ணுக்கு மஞ்சள். ரெண்டையும் மாட்டிக் கேட்டு, உனக்கு என்ன தோணுதோ அதை அப்படியே எழுதி அனுப்பு. தையல் மிஷின் ஊசி மழுங்கினாலே சத்தத்துல கண்டுபிடிக்கிறவ நீ. அதான் கேக்குறேன். சலங்கையை மட்டும் நல்லா கவனிச்சுக் கேளு.

போன் பண்ணிச் சொல்லாத, எழுதியே அனுப்பு. வாயால சொன்னா மறந்து போயிடும்.

மாமாவைக் கேட்டதா சொல்லு.

உன் தம்பி,
பூவரசன்

*

விக்கிரமங்கலம்
30.06.2024

தம்பி பூவரசனுக்கு அக்கா ஜெயசுதா எழுதுறது.

நானும் உங்க மாமாவும் நல்லாத்தான் இருக்கோம். நீ நல்லா இருக்கியான்னுதான் எனக்கு சந்தேகமா இருக்கு. எளைக்கலன்னு நீயா வந்து சொல்றப்பவே ஒருமாதிரி இருக்கு.

முதல்ல உன் வேலை. சிவப்பு நூலு கட்டினதுல தவிலு நெஞ்சுல வந்து இடிக்குது, ஆனா பாடுற பொம்பளை குடத்துக்குள்ள தலைய விட்டுக்கிட்டுப் பாடுறா. சலங்கை இருக்குற எடமே தெரியல. மஞ்சளு பரவால்ல. அதுல அவ என் மிஷினு பக்கத்துல வந்து ஒக்காந்து பாடுறா, மூச்சு வாங்குறதுகூட கேக்குது. சலங்கை ஒவ்வொரு மணியும் தனித்தனியா விழுது. ஆனா தவிலு கொஞ்சம் நோஞ்சான். ரப்பரு எனக்குப் பெருசு, காது வலிக்குது. போதுமா?

இப்ப என் வேலை. நீ போனை எடுத்து எத்தனை மாசம் ஆவுது? அடிச்சா அடிச்சிக்கிட்டே இருக்கு. எடுத்தாலும் "கடையில கூட்டம், அப்புறம் பேசுறேன்"னு ஒரே மூச்சுல சொல்லிட்டு வச்சிடுற. நான் சொல்ல வந்தது என்னன்னுகூட கேக்குறதில்ல. திருமானூர்லேர்ந்து இலக்கியாவோட அம்மா எனக்குப் போன் போட்டு, "மாப்பிள்ளை எங்க பொண்ணு பண்ணினா எடுக்க மாட்டேங்கறாரு, எதாச்சும் மனஸ்தாபமா?"ன்னு கேக்குறாங்க. நான் என்னத்தைச் சொல்றது? தையில கல்யாணத்தை வச்சிட்டு, வாக்கு குடுத்துட்டு ஒக்காந்திருக்கறது நான்.

இன்னொண்ணு. பொண்ணு பாக்கப் போன அன்னிக்கு அந்தப் பொண்ணு ஒங்கூடத் தனியா பேசணும்னு கேட்டு, கொல்லையில பம்புசெட்டு ஓடுற எடத்துல நின்னு பேசினீங்களே, என்ன கேட்டா? அதுலேர்ந்து அவ எல்லார்கிட்டயும் "அவரு ரொம்ப நேர்மையானவரு"ன்னு சொல்லிக்கிட்டு இருக்காளாம். ஊர்ல உலகத்துல யாரும் ஒன்னை அப்படிச் சொன்னதில்ல. என்னடா சொன்ன?

பதில் போடு. வெயிலு ஓவரா இருக்கு, மோரு குடி.

அக்கா

*

பெரம்பலூர்
09.07.2024

அன்புள்ள அக்காவுக்கு,

மோரு குடிக்கிறேன். நீயும் ராத்திரி பகலா மிஷின்ல குனிஞ்சு ஒக்காராத, முதுகு போயிடும்.

நீ எழுதினது அவ்வளவு நல்லா இருந்துச்சுக்கா. மூச்சு வாங்குறது கேக்குதுன்னு எழுதினியே, அந்த மாதிரி எவனும் சொல்ல மாட்டான். இந்தத் தடவை பச்சை நூலும் ஊதா நூலும் வருது. சின்ன ரப்பரும் வச்சிருக்கேன். "ச", "ஸ" வர்ற எடத்துல சத்தம் சீறுதான்னு பாரு. விலை கம்மியான செட்டுல பாதிக்கு அதான் வியாதி. மொதல்ல கேக்குறப்ப எல்லாம் பளிச்சுன்னு தெளிவா இருக்குற மாதிரி இருக்கும், கொஞ்ச நேரத்துல காது புண்ணாயிடும்.

இலக்கியா ஏதோ கேட்டுச்சு, நான் ஆமாங்கன்னேன். அவ்வளவுதான். பெருசா ஒண்ணும் இல்ல. அவங்க அம்மாகிட்ட கடையில வேலை அதிகம்னு சொல்லு.

பூவரசன்

*

விக்கிரமங்கலம்
21.07.2024

பூவரசனுக்கு,

நீ சௌக்கியம்னு ராசாங்கம் அண்ணன் சொன்னாரு, அதனால அதை நான் தனியா கேக்கல. எனக்குத்தான் சௌக்கியம் இல்ல, கோவத்துல தலை வலிக்குது.

உங்க மாமா போன்ல, நீ யூடியூப்புல போட்ட வீடியோவைப் பாத்தேன். ஒரு இயர்போனைக் கையில தூக்கிப் பிடிச்சிக்கிட்டு, "ஒரு வாரமா காதுலேர்ந்து கழட்டாம கேட்டேன் நண்பர்களே, பாடுற பொம்பளை என் பக்கத்துல வந்து ஒக்காந்து பாடுறா, மூச்சு வாங்குறதுகூட கேக்குது"ங்கற. அடப்பாவி! அது நான் கேட்டது! அது என் மிஷினு, என் வூடு, என் காது! கீழ ஒருத்தன் "அண்ணே உங்க காதுக்குக் கோயில் கட்டணும்"னு எழுதியிருக்கான். எனக்குக் கட்டச் சொல்லுடா அந்தக் கோயிலை.

உங்க மாமா சிரிக்கிறாரு. எனக்குச் சிரிப்பு வரல. நீ ஏன் கேக்கல? ஒரு வாரம் கழட்டாம கேட்டேன்னு பொய் சொல்றவன் ஒரு மணி நேரம் கேட்டுட்டு உண்மையைச் சொல்லலாம்ல? உன் பொழப்பே காதுன்னு சொல்ற, அந்த வேலையையே அக்கா தலையில கட்டிட்டு நீ அங்க என்ன பண்ற?

ராசாங்கம் அண்ணன் இன்னொண்ணும் சொன்னாரு. நீ எந்நேரமும் காதுல அதைச் சொருகிக்கிட்டே ஒக்காந்திருக்கியாம். பெட்டியை வாங்கறதுக்குக் கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறியாம். முன்னாடி வந்து நின்னாத்தான் பல்லைக் காட்டறியாம். யாருகூடடா பேசிக்கிட்டே இருக்க? அந்தப் பொண்ணு போன் பண்ணினா எடுக்க நேரமில்ல, எவளோ ஒருத்திகூடக் காதுல மாட்டிக்கிட்டுப் பேச மட்டும் நேரம் இருக்கா? எங்கிட்ட காதுல பூ சுத்தாத. அப்படி யாராச்சும் இருந்தா இப்பவே சொல்லிடு, பத்திரிகை அடிக்கறதுக்கு முன்னாடி நான் போயி அவங்க கால்ல விழுந்துட்டு வந்துடறேன்.

பச்சை சுமார். ஊதா குப்பை. விவரமா எழுத மாட்டேன், எழுதினா நீ வித்துடுவ.

ஜெயசுதா

*

பெரம்பலூர்
28.07.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தலைவலி போயிருக்கும்னு நெனைக்கிறேன். கோவப்படாத. வேற யாரும் இல்லக்கா, சத்தியமா. நான் யாருகூடயும் பேசல. நீ சொன்னதை வீடியோவுல சொன்னது தப்புதான். உன்னை மாதிரி சொல்ல எனக்கு வரல.

இந்த ஒரு தடவை மட்டும் விவரமா எழுது. முக்கியமான வேலை. ராஜராஜன் அண்ணனோட ஆர்கெஸ்ட்ராவுக்கு நான்தானே சவுண்டு மிக்ஸர் பாக்குறேன். மேடையில வைக்கிற ஸ்பீக்கர் பெட்டியெல்லாத்தையும் எடுத்துட்டு எல்லாருக்கும் இன்-இயர் வாங்கலாம்னு அவர்கிட்ட நான்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். இடுப்புல ஒரு சின்ன ரிசீவர் மாட்டிக்கிட்டா, அவங்கவங்க சத்தத்தை அவங்கவங்களே கூட்டிக் கொறைச்சிக்கலாம், எங்கிட்ட கேக்க வேண்டியதில்ல. ஆடி கடைசி வெள்ளிக்கு ஜெகதாம்பாள் அக்கா மொதமொதல்ல இதை மாட்டிக்கிட்டுப் பாடப் போறாங்க. பெரிய மேடை. அவங்க குரலை வச்சுத்தான் அந்தக் குழுவே ஓடுதுன்னு உனக்குத் தெரியும்.

வெள்ளை நூல், நீல நூல், ரெண்டு அனுப்பியிருக்கேன். ரெண்டும் ஒரே விலை. இதுல ஒண்ணுதான் வாங்கப் போறோம். எதுன்னு நீதான் சொல்லணும். சீறல் இருக்கா, சலங்கை தெரியுதா, நல்லா கேட்டுச் சொல்லுக்கா. உன்னை நம்பித்தான் இருக்கேன்.

பூவரசன்

*

விக்கிரமங்கலம்
04.08.2024

அன்புள்ள தம்பிக்கு,

எல்லாரும் சுகம். நேத்து ஆடிப்பெருக்குக்குக் கொள்ளிடத்துல போயிக் குளிச்சிட்டு வந்தோம், தண்ணி நல்லா போவுது. உன் பேருக்கும் சேத்து ஒரு முழுக்கு போட்டேன்.

நீல நூலு கட்டினதுதான் நல்லது. சலங்கை தெளிவா கேக்குது. சீறலே இல்ல. அதையே வாங்கு. வெள்ளை வேணாம். ரெண்டு செட்டையும் பஸ்லயே திருப்பி அனுப்பியிருக்கேன்.

அக்கா

*

பெரம்பலூர்
19.08.2024

அக்காவுக்கு,

நான் நல்லா இருக்கேன்னு எழுத முடியல. நீ நல்லா இருப்பன்னு நெனைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை கச்சேரி. செட்டெல்லாம் அன்னிக்கு சாயங்காலம்தான் வந்து சேந்துச்சு, போட்டுப் பாக்க நேரமில்ல. பூவரசன் கேட்டுச் சொன்னதுன்னு நம்பி மாட்டிக்கிட்டாங்க. முதல் பாட்டுலயே ஜெகதாம்பாள் அக்கா மொகம் சுருங்குச்சு. ரெண்டாவது பாட்டு நடுவுல காதுலேர்ந்து பிடுங்கிக் கீழ போட்டாங்க. மேடையில பெட்டியும் இல்ல, தன் குரலே தனக்குக் கேக்காம சுதி விட்டுடுச்சு. இருபது வருஷமா பாடுறவங்க. ஜனம் விசிலடிச்சுக் கத்துச்சு. அவங்க மைக்குலயே என்னைப் பாத்து ஒண்ணு கேட்டாங்க. ஊரே கேட்டுச்சு. எல்லாரும் திரும்பி என்னையே பாத்தாங்க.

ராஜராஜன் அண்ணன் என்னை இனிமே வர வேணாம்னுட்டாரு. ஜெகதாம்பாள் அக்காவுக்குக் காதுல ரெண்டு நாளா வலியாம். வீடியோ கீழ யாரோ விஷயத்தை எழுதிட்டாங்க.

உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நீ அந்த நீலத்தை நெசமாவே கேட்டியா?

பூவரசன்

*

விக்கிரமங்கலம்
24.08.2024

என் தம்பிக்கு,

நீ எப்படி இருக்கன்னு கேக்க எனக்கு வாய் இல்ல. இருந்தாலும் கேக்குறேன். சாப்பிடுறியா?

கேட்டேன்டா. நல்லா கேட்டேன். தட்டுல கரண்டியைப் போட்டு இழுத்த மாதிரி இருந்துச்சு அந்த நீலம். அஞ்சு நிமிஷம் வைக்க முடியல. வெள்ளைதான் நல்லா இருந்துச்சு. வேணும்னேதான் மாத்தி எழுதினேன்.

உன்னைக் கெடுக்கணும்னு எழுதலடா. நம்ம அம்மா மேல ஆணையா சொல்றேன். நீ வேலையே பாக்காம ஏமாத்துறன்னு எனக்கு ஒரே சந்தேகம். நான் மாத்தி எழுதினா, நீ ஒரு தடவை காதுல வச்சுப் பாத்தாலே தெரிஞ்சிடும், "என்னக்கா ஒளறுற, காதை அடகு வச்சிட்டியா"ன்னு என்னைத் திட்டி எழுதுவ, அப்ப நீ கேக்குறன்னு தெரியும். திட்டலைன்னா எவகூடயோ சுத்திக்கிட்டு இருக்கன்னு தெரியும். அப்படித்தான் கணக்குப் போட்டேன். உன் திட்டு வரும் வரும்னு ராசாங்கம் அண்ணன் பஸ்ஸைப் பாத்துக்கிட்டே இருந்தேன். வரல. நீ அப்படியே அதை வாங்கிக் குடுப்பன்னு நான் கனவுலயும் நெனைக்கல. காதுக்காரன் ஒருத்தன் காதுல வச்சே பாக்காம எப்படிடா வாங்குவான்?

உன் கடிதாசி வந்ததும் நேத்து பெரம்பலூருக்கு பஸ் ஏறிட்டேன். உன்கிட்ட சொல்லல. மத்தியானம் உன் கடைக்கு வந்தேன். நீ ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, எதையோ ஈயத்தால பத்த வச்சிக்கிட்டு ஒக்காந்திருந்த. காதுல அந்தக் கருமம். "பூவு"ன்னு கூப்பிட்டேன். திரும்பல. ஒருத்திகூடப் பேசுறான்னு நெனச்சு ஆத்திரத்தோட கிட்ட வந்தேன், எவ குரலுன்னு கேட்டுடலாம்னு. வாசல்ல கைய வச்சிக்கிட்டு இன்னொரு தடவை சத்தமாக் கூப்பிட்டேன். பக்கத்துக் கடைக்காரன் திரும்பிப் பாத்தான், நீ பாக்கல.

அப்பதான் உன் வயரைப் பாத்தேன். காதுலேர்ந்து எறங்கி, சட்டை மேல வந்து, ஸ்டூலுக்குக் கீழ தொங்கிக்கிட்டு இருந்துச்சு. அதோட முனை எதுலயும் சொருகல. சும்மா ஆடிக்கிட்டு இருந்துச்சு.

நான் உன் முன்னாடி வரலடா. வந்தா அழுதுருப்பேன். பஸ்ஸுலதான் அழுதுக்கிட்டே வந்தேன், பக்கத்துல இருந்த அம்மா யாருக்கு என்ன ஆச்சுன்னு கேட்டுச்சு.

எத்தனை நாளா? எங்கிட்டகூடவா சொல்லக்கூடாது?

அக்கா

*

பெரம்பலூர்
22.09.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு மாசமா பதில் எழுத ஒக்காந்து ஒக்காந்து கிழிச்சுப் போட்டேன். ராசாங்கம் அண்ணன் தினமும் "ஒங்கக்கா கேக்குது, ஒங்கக்கா கேக்குது"ன்னு சைகை பண்ணிட்டுப் போறாரு. அவரும் கண்டுபிடிச்சிட்டாரு போலருக்கு. மாமாவுக்குச் சொல்லிட்டியா? சொல்லியிருந்தாலும் பரவால்ல.

போன வருஷம் கடைசியில ஒரு திருவிழாவுல பெரிய ஸ்பீக்கர் பக்கத்துலயே நாளெல்லாம் நின்னேன். அன்னிக்கு வூட்டுக்கு வந்து படுத்தப்ப எடது காதுல "ஙொய்ங்"குன்னு ஒரு சத்தம். காலையில போயிடும்னு நெனச்சேன். அது போகவே இல்ல. இப்ப இதை எழுதுறப்பவும் கேக்குது. அதுக்கு அப்புறம் சலங்கை, ஜால்ரா, குருவிச் சத்தம், சின்னச் சின்னதா எல்லாம் ஒவ்வொண்ணா நின்னு போச்சு. வலது காது கொஞ்சம் தேவலாம். எதுத்தாப்புல நின்னு பேசினா வாயைப் பாத்துப் புரிஞ்சிக்கிறேன். போன்ல சத்தம் வருது, வார்த்தை வரல. நீ பேசுறது எனக்கு வெறும் "ம்ம்ம்"னு கேட்டா நான் என்ன பதில் சொல்றது? அதான் எடுக்கல. உன்மேல கோவமும் இல்ல, அந்தப் பொண்ணு மேல மனஸ்தாபமும் இல்ல.

திருச்சியில டாக்டர்கிட்ட போனேன். வருஷக்கணக்கா பெரிய சத்தத்துல நின்னதும், காதுல முழுசா சத்தம் வச்சுக் கேட்டதும்தான் காரணம்னாரு. போனது போனதுதான், இருக்கறதைக் காப்பாத்திக்கோ, மெஷின் மாட்டிக்கோன்னாரு. காது மெஷின் மாட்டிக்கிட்டு ஒருத்தன் இயர்போன் நல்லா இருக்கு, வாங்குங்கன்னு சொன்னா எவன்க்கா வாங்குவான்?

அந்த இன்-இயரைச் சும்மா மாட்டிக்கிறேன். காதுல ஒண்ணு இருந்தா, கூப்பிட்டுத் திரும்பலைன்னா யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க. பாட்டு கேக்குறான்னு நெனச்சிப்பாங்க. அதுல ஒண்ணுமே ஓடாதுக்கா.

அன்னிக்கு மேடையில ஜெகதாம்பாள் அக்கா கேட்டதை ஊரே கேட்டுச்சு, நான் மட்டும் கேக்கல. "நீ இதைக் கேட்டுப் பாத்தியா பூவரசா?"ன்னு கேட்டாங்களாம். மறுநாள் ராஜராஜன் அண்ணன் கத்திச் சொன்னாரு. அவங்க வூட்டுக்குப் போயி மன்னிப்புக் கேட்டுட்டேன். காப்பி குடுத்து அனுப்பினாங்க.

நீ மாத்தி எழுதினதுக்கு நான் உன்னைத் தப்பா சொல்ல மாட்டேன். என் எடத்துல வேற எவன் இருந்திருந்தாலும் உன் கணக்கு சரியாத்தான் வந்திருக்கும்.

ஒரே ஒரு வேண்டுதல். திருமானூர்ல சொல்லாத. கல்யாணம் முடியட்டும், நானே சொல்லிக்கிறேன். எல்லாம் போச்சு, இதுவாச்சும் நிக்கட்டும். உன் கால்ல விழுந்து கேக்குறேன்.

பூவரசன்

*

விக்கிரமங்கலம்
29.09.2024

பூவுக்கு,

எனக்கு ஒடம்பு நல்லா இருக்கு, மனசுதான் படபடன்னு இருக்கு. உங்க மாமாகிட்ட சொல்லிட்டேன். ஆலையில அவரோட வேலை பாக்குற நாலு பேரு மெஷினு மாட்டியிருக்காங்களாம். "இதுக்கா மென்னு முழுங்கினான்?"ன்னு கேட்டாரு.

நீ வேணாம்னு எழுதினதை நான் கேக்கல. நேத்து திருமானூருக்குப் போயிட்டு வந்துட்டேன்.

நீ திட்டுவ. திட்டிக்கோ, இந்தத் தடவை திட்டு வரட்டும். அங்க என் பேச்சை நம்பித்தான் பொண்ணு குடுக்கறாங்க. நீ வாய் தொறக்கலைன்னு நான் பட்ட சந்தேகம் எனக்குத் தெரியும். உன்னை வேவு பாக்கப் போயி உன் சோத்துல மண்ணைப் போட்டேன். கூடப் பொறந்தவ நானே அப்படிப் பண்ணினா, நாளைக்கு வந்தவ என்ன பண்ணுவா? நீ திரும்பலைன்னா அவளும் எவளோன்னுதான் நெனைப்பா. அந்த நரகம் அவளுக்கு வேணாம்டா.

அவங்கம்மா கத்தினாங்க. "காது கேக்காத மாப்பிள்ளையைத் தலையில கட்டப் பாத்தீங்களா?"ன்னு. அப்பா எழுந்திருச்சு வெளிய போயிட்டாரு. இலக்கியா ஒரு ஓரமா நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்துச்சு. அழுவல. நான் கெளம்பறப்ப பின்னாடியே வந்து, "அவரு கடை அட்ரஸை எழுதிக் குடுங்க அண்ணி"ன்னு மட்டும் கேட்டுச்சு. அண்ணின்னு இன்னும் கூப்பிடுதேன்னு எனக்கு ஒரு பக்கம் நிம்மதி. ஆனா மொகத்தைப் பாத்தா நல்லதா எழுதுற மொகமா தெரியல. என்ன கடிதாசி வந்தாலும் சோறு தின்னுட்டுப் பிரி.

இன்னொண்ணு. நான் இனிமேலும் கேட்டு எழுதித் தர்றேன், ஒழுங்கா, உண்மையா. ஆனா வீடியோவுல "இது எங்கக்கா ஜெயசுதா காது"ன்னு சொல்லணும். இல்லைன்னா ஒரு நூலுகூட அவுக்க மாட்டேன்.

அக்கா

*

திருமானூர்
06.10.2024

பூவரசன் அவர்களுக்கு,

இலக்கியா எழுதுறேன். உங்க வீட்டுல எல்லாரும் நலமா இருக்காங்கன்னு அண்ணியைப் பாத்தப்பவே தெரிஞ்சிக்கிட்டேன். உங்க நலத்தையும் அவங்க வாயாலதான் தெரிஞ்சிக்க வேண்டியிருந்துச்சு.

நான் இ-சேவை மையத்துல வேலை பாக்குறேன்னு உங்களுக்குத் தெரியும். தினமும் பத்து பேருக்காவது காது கேக்காது. கத்திப் பேசுவேன், கேக்கலைன்னா எழுதிக் காட்டுவேன், வேலை முடிஞ்சிடும். இதை ஒரு பெரிய விஷயமா நான் நெனைக்கிற ஆள் இல்ல. அம்மா நெனைக்கிறாங்க, அது வேற. அப்பா ரெண்டு நாளா என் மொகத்தைப் பாத்துக்கிட்டு இருக்காரு, நான் என்ன சொல்லப் போறேன்னு.

எனக்கு இருக்குற கோவம் வேற. பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு பம்புசெட்டு பக்கத்துல நின்னு உங்ககிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். எங்க பெரியம்மா பொண்ணை, குடிகாரன்னு தெரியாம ஒருத்தனுக்குக் கட்டிக் குடுத்து, அவ பட்ட பாட்டைப் பாத்தவ நான். அதனால கேட்டேன்: "எங்கிட்ட எதையாச்சும் மறைக்கிறீங்களா?"

நீங்க என் மொகத்தைப் பாத்துச் சிரிச்சீங்க. "ஆமாங்க"ன்னீங்க.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. மறைக்கிறேன்னு ஒத்துக்கிட்ட ஆம்பளையை நான் அன்னிக்குத்தான் பாத்தேன். என்னன்னு கேக்குறதுக்குள்ள எல்லாரும் வந்துட்டாங்க. சரி, கேட்ட ஒடனே உண்மையைச் சொன்னவரு, மிச்சத்தையும் சொல்லுவாருன்னு நம்பித்தான் வீட்டுல சரின்னேன். அது என்னன்னு கேக்கத்தான் அத்தனை தடவை போன் பண்ணினேன். நீங்க எடுக்கல. குடியா, கடனா, வேற பொண்ணான்னு இத்தனை மாசமா ஒவ்வொண்ணா நெனச்சு நெனச்சுத் தூங்கல.

இப்பதான் தெரியுது, நான் கேட்டது உங்களுக்குக் கேக்கவே இல்லைன்னு. நீங்க சொன்னது உண்மைதான். ஆனா அது என் கேள்விக்குச் சொன்னது இல்ல. நான் ஒரு தலையாட்டலை நம்பிட்டேன்.

அதனால இப்ப எழுதிக் கேக்குறேன். பம்புசெட்டு சத்தம் குறுக்க வராது, நிதானமா படிங்க.

காது மெஷினு வாங்கி மாட்டிக்கிட்டு, அதோடயே மணவறையில ஒக்காருவீங்களா? போட்டோவுல அது தெரியணும். எங்க சொந்தக்காரங்க எல்லாரும் பாக்கணும்.

இது தவிர எங்கிட்ட வேற எதையாச்சும் மறைக்கிறீங்களா?

ரெண்டுக்கும் பதில் வந்த பிறகுதான் அப்பாகிட்ட பேசுவேன். பதில் என்னவா இருந்தாலும் நேரமெடுத்து எழுதுங்க. அவசரமா தலையாட்டாதீங்க.

இப்படிக்கு,
இலக்கியா

*

பெரம்பலூர்
14.10.2024

இலக்கியாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். இந்த வார்த்தையை இந்த வருஷம் உண்மையா எழுதுறது இதுதான் முதல் தடவை. உங்க வீட்டுல அம்மாவோட கோவம் கொறைஞ்சிருக்குமான்னு தெரியல, கொறையலைன்னாலும் அது நியாயம்தான்.

உங்க கடிதாசி வந்த மறுநாள் திருச்சிக்குப் போயி மெஷினுக்கு அளவு குடுத்துட்டு வந்தேன். நேத்து மாட்டினாங்க. வெளிய வந்ததும் மொதல்ல கேட்டது பஸ் ஹாரன், பயந்துட்டேன். அப்புறம் எளநீர்க்காரர் அரிவாளால சீவுற சத்தம். சலங்கை இன்னும் சரியா கேக்கல. அது எங்கக்காவுக்குக் கேக்கும். இன்னிக்குப் போட்ட வீடியோவுல மெஷினைக் காட்டி அதையும் சொல்லிட்டேன். ஒருத்தன் கேலி பண்ணியிருக்கான், நாலு பேரு அக்கா என்ன சொல்றாங்கன்னு கேட்டிருக்காங்க.

அன்னிக்கு நீங்க கேட்டது எனக்குக் கேக்கல. பம்புசெட்டு ஓடுச்சு. உங்க வாயைப் பாத்துப் புரிஞ்சிக்கலாம்னு பாத்தேன், வெக்கமா இருந்துச்சு, கண்ணைக் கீழ போட்டுட்டேன். ஏதோ நல்லதாத்தான் கேக்குறீங்கன்னு நெனச்சு ஆமாங்கன்னேன். மன்னிச்சிடுங்க.

முதல் கேள்விக்கு, ஆமாங்க.

ரெண்டாவதுக்கு, இல்லைங்க.

ரெண்டு கேள்வியையும் மூணு தடவை படிச்சிட்டுத்தான் எழுதியிருக்கேன்.

பூவரசன்